300 நிமிடத்தில் 90: புதுச்சேரியில் ஒரு அரை நாள் தூண்டில் பயணம்

கோவையில் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரப்பிரிவு வேலை. ஒரு மோட்டார் பழுதாகித் திரும்பி வந்தால், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் காரணத்தைத் தேடுவோம். பிப்ரவரியில் புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போய், ஒரு காலைப்பொழுது கடலில் தூண்டில் போட்டு வந்ததையும் அதே பழக்கத்தில் எழுதி வைத்தேன். பேசிய நேரம் 5 மணி, அதாவது 300 நிமிடம். அதில் எங்கள் கையில் தூண்டில் இருந்தது 90 நிமிடம். மீதி 210 நிமிடம் எங்கே போனது என்று தேடப்போனதில் வேறு பல விஷயங்களும் வெளியே வந்தன.

படகில் நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, பத்து வயது மகள், 66 வயது மாமனார், மச்சான், அவன் மனைவி. மாமனார் வாய்க்காலில் கெண்டை பிடித்து வளர்ந்தவர். மற்ற ஐந்து பேரும் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. கடலில் படகேறியவர் ஆறு பேரில் ஒருவரும் இல்லை. படகு 30 அடி ஃபைபர், டீசல் இன்ஜின், மேலே தார்ப்பாய் நிழல். ஓட்டுபவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். இவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில், போனில் பேசிப் பணம் வாங்கிய ஏற்பாட்டாளர் ஒருவர் உண்டு. "வஞ்சிரம் கேரண்டி சார், புதுசா வர்றவங்களுக்குன்னே இருக்குற ட்ரிப்" என்று சொன்னது அவர்தான். அண்ணன் எதையும் கேரண்டி என்று சொல்லவில்லை.

கரையில் போன நேரம்

ஐந்தரைக்கு வரச்சொன்னார்கள். அரியாங்குப்பம் ஆற்றுக்கரைக்கு நாங்கள் 5.40-க்குப் போய்விட்டோம். ஏற்பாட்டாளர் 6.05-க்கு வந்தார். கட்டணம், ஆதார் நகல், ஐஸ் பெட்டி எல்லாம் முடிந்து படகு அவிழ்ந்தபோது 6.25. பேசிய நேரம் 6 மணியிலிருந்து 11 வரை. முதல் 25 நிமிடம் கரையிலேயே கழிந்துவிட்டது.

அந்த 25 நிமிடத்தில் நடந்திருக்க வேண்டியது இரண்டு. ஒன்று, தூண்டிலை எப்படிப் பிடிப்பது, ரீல் எப்படிச் சுற்றும், மீன் இழுத்தால் என்ன செய்வது என்று கரையிலேயே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இன்னொன்று உயிர்காப்பு உடை. ஆறு கொடுத்தார்கள், ஆறும் பெரியவர்களுக்கானவை. மகளுக்குப் போட்டுப் பார்த்தபோது தோளைப் பிடித்துத் தூக்கினால் உடை மட்டும் காதுவரை மேலே வந்தது. தண்ணீரில் விழுந்தாலும் அதேதான் நடக்கும், உடை மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். தொடை வழியாக வரும் பட்டை இருந்தால்தான் அது நிற்கும். "கயிறு போட்டுக் கட்டிடலாம் சார்" என்று சொல்லிக் கட்டினார்கள். நானும் சரி என்றேன். இந்தக் குறிப்பேட்டில் என் கையெழுத்துப் போட வேண்டிய தவறு அது. அங்கேயே இறங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கக் கணக்கும் நன்றாக இல்லை. விடுமுறை என்பதால் முதல் நாள் இரவு படுத்தபோது 12.30. காலையில் வெறும் வயிற்றில் காபி. குமட்டல் மாத்திரையை மச்சான் மனைவி படகில் கால் வைத்த பிறகு விழுங்கினாள். அந்த மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். முன்கூட்டியே போட்டால் காக்கும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

முகத்துவாரம்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தைத் தாண்டி ஆறு கடலில் சேரும் இடத்தில் அண்ணன் இன்ஜினை அடக்கி நிறுத்தினார். "எல்லாரும் உக்காருங்க, எந்திரிக்காதீங்க." முன்னால் அலை மடிந்து வெள்ளையாக உடைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. பெரிய அலை மூன்றும் போன பிறகு ஒரே மூச்சில் இன்ஜினை முறுக்கி வெளியே எடுத்தார். பயணம் முழுக்க ஆபத்து கூடிய இடம் இந்த நூறு மீட்டர்தான், நடுக்கடல் இல்லை.

காரணம் மணல். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டித் தடுப்புச்சுவர் கட்டியபோது அந்த ஓட்டம் மறிபட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே ஊருக்கு எதிரே இருந்த கடற்கரை கரைந்தது. இன்று பீச் ரோட்டில் கருங்கல் மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறோமே, அந்தக் கல் அரிப்புக்குப் போட்ட கட்டு. முகத்துவாரமும் அடிக்கடி தூர்ந்துபோகும். தூர் வாரச்சொல்லி மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தூர்ந்த இடத்தில் ஆழம் குறையும், ஆழம் குறைந்தால் அலை எழும்பி உடையும். சுற்றுலா வந்தவருக்கு இது தெரிய வேண்டியதில்லை, ஆனால் "உக்காருங்க" என்றால் உட்கார வேண்டும். மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பையன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

வேகத்தூண்டில்

6.40-க்கு வெளியே வந்தோம். பின்னால் ஊர் மங்கிக்கொண்டே போனது, முன்னால் சூரியன் கைப்பிடி அளவு ஏறியிருந்தது. இருபது நிமிடம் வேகமாக ஓட்டி, பிறகு 6 நாட், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்து, பின்பக்கம் இரண்டு தூண்டிலில் பொய்மீன் கட்டி விட்டார்கள். படகு இழுத்துக்கொண்டு போகும், பொய்மீன் தண்ணீருக்குள் துடித்துக்கொண்டே வரும், சூரையோ சீலாவோ வஞ்சிரமோ அடிக்கும். இதற்குத்தான் அவ்வளவு தூரம் போனது.

இந்த முறையில் புதியவருக்கு ஒரு வேலையும் இல்லை. தூண்டில் குழாயில் செருகி நிற்கிறது, நாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு அடி. ரீல் 'கிர்ர்ர்' என்று கத்தியது. மச்சான் பாய்ந்து எடுத்தான். நூல் ஓடுவதைப் பார்த்ததும் ஏதோ பழுது என்று நினைத்துவிட்டான் போல. ரீல் தலையில் இருக்கும் குமிழை வலப்பக்கம் இறுக்கினான். இரண்டு வினாடி அமைதி, பிறகு 'டப்'. நூல் தளர்ந்து காற்றில் ஆடியது.

அந்தக் குமிழ்தான் 'ட்ராக்'. மீன் ஓடும்போது நூலை அளவாக விட்டுக்கொடுப்பதற்கென்றே வைத்தது. ரீல் கத்தினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மீன் ஓடட்டும், தூண்டில் முனையை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திரு, மீன் நின்றதும் சுற்று. இதைக் கரையில் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பொய்மீன் போனதற்கு 600 ரூபாய் தனியாகக் கட்டினோம். என்ன மீன் என்று கேட்டேன். "தெரியாமப் போனதெல்லாம் வஞ்சிரந்தான் சார்" என்றார் அண்ணன்.

7.40 முதல் 8.20 வரை

கரையிலிருந்து சுமார் 7 நாட்டிக்கல் மைல், அதாவது 13 கிலோமீட்டர். "இருபது பாகத்துக்கு மேல ஆழம்" என்றார் அண்ணன். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. அங்கே இன்ஜினை அணைத்தார்கள். கனமான உலோக மீனை அடிவரை இறக்கி, சுண்டிச் சுண்டி மேலே எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தான் பையன்.

இன்ஜின் நின்ற பத்தாவது நிமிடம் மச்சான் மனைவி, "அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். நான் தள்ளி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. மகள் பேச்சை நிறுத்திக் கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது மோசமான அறிகுறி. 8.05-க்கு அவள். 8.15-க்கு நான். மனைவி கண்ணை மூடி முருகா முருகா என்றிருந்தாள். மாமனாருக்கும் மச்சானுக்கும் ஒன்றும் இல்லை. மாமனார் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்.

முன்னறிவிப்பில் அன்று அலை உயரம் ஒரு மீட்டர்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை அறிக்கையை முதல் நாளே பார்த்து, 'ஒரு மீட்டர்தானே' என்று தைரியமாகப் படுத்தவன் நான். அந்த எண் எல்லா அலைக்கும் சராசரி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் நடுவில் ஒன்றிரண்டு, கிட்டத்தட்ட இரண்டு மீட்டருக்கும் வரும்.

ஆனால் அலை அதேதான், ஓடும்போதும் இருந்தது. நின்ற பிறகு ஏன் கவிழ்த்தது? ஓடும் படகு அலையை மூக்கால் வெட்டிக்கொண்டு போகும், முகத்தில் காற்று அடிக்கும், கண் தூரத்தைப் பார்க்கும். இன்ஜின் நின்றதும் படகு மெல்லத் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தொட்டில் மாதிரி உருளத் தொடங்கும். டீசல் புகை போக இடமில்லாமல் படகைச் சுற்றியே நிற்கும். அதோடு எல்லாரையும் குனிந்து ரீலையும் தூண்டில் முள்ளையும் பார்க்கச் சொல்கிறோம். உள்காது 'ஆடுகிறாய்' என்கிறது, கண்ணோ அசையாத ரீலைக் காட்டி 'இல்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு தோற்கிறது. கண்ணைத் தொடுவானத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையே சொல்லும், கொஞ்சம் அடங்கும். ஆட்டம் குறைந்த இடம் படகின் நடுவும் பின்பக்கமும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்தால் ஏறி ஏறி இறங்கும். மகளை நான் உட்கார வைத்திருந்தது அணியத்தில், படம் நன்றாக வரும் என்று.

மாமனார் தப்பியதும் அதிசயம் இல்லை. கடல் குமட்டல் சிறுபிள்ளைகளுக்கு அதிகம், வயது ஏற ஏறக் குறையும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். அப்படியென்றால் குடும்பத்தோடு போகும் படகில் ஒரு பாதிப்பேருக்காவது வரும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். எங்களுக்குப் போட்ட திட்டமோ, கையில் பயிற்சியும் வயிற்றில் உறுதியும் உள்ள நாலு ஆண்களுக்கானது.

8.20-க்கு அண்ணன் யாரையும் கேட்காமல் நங்கூரக் கயிற்றைச் சரிபார்த்துவிட்டு இன்ஜினைத் தட்டினார். "கரைப் பக்கம் பார் ஒண்ணு இருக்கு. அங்க போய்க் கட்டிக்கலாம்." ஏற்பாட்டாளர் போனில் கூப்பிட்டு, ஆழக்கடல் என்றுதானே பேசியது என்று ஏதோ சொல்ல, "பாப்பாவுக்கு முடியல, நீ வை" என்று அணைத்தார். அன்றைய பயணத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி.

பார்

பார் என்றால் கடலடியில் இருக்கும் கல்தரை. சுற்றிலும் சேறும் மணலுமாக இருக்கும் இடத்தில் ஒரு பார் இருந்தால் மீன் அதை ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் படகை நிறுத்துவதுதான் வித்தை. அண்ணனிடம் ஜி.பி.எஸ். இருந்தது. ஆனால் அவர் பார்த்தது கரையை. லைட் ஹவுஸும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த்தொட்டியும் ஒரே கோட்டில் வர வேண்டும், தெற்கே ஒரு பனைக்கூட்டம் ஒரு கட்டடத்தின் ஓரத்தைத் தொட வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம் பார். "பேட்டரி போனா அந்தப் பொட்டி கண்ண மூடிக்கும் சார், பனமரம் மூடிக்காது."

8.55-க்கு நங்கூரம் விழுந்தது. நங்கூரம் பிடித்ததும் படகு மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நின்றது. உருளல் பாதியாகக் குறைந்தது. இது எங்களுக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் ரீல் தூண்டில்களை ஓரம் வைத்துவிட்டு, கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்புகளை, அதாவது நைலான் நூலை, எடுத்தார். கீழே ஒரு ஈயக்குண்டு, அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு முள். இரை, உரித்த இறால் துண்டு. முள்ளின் வளைவு முழுக்க இறாலுக்குள் மறைந்து, முனை மட்டும் வெளியே தெரியும்படி கோத்துக் காட்டினார்.

பிறகு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நரம்பை இறக்கினார். கையை விரித்து விரித்து, "ஒண்ணு… ரெண்டு… மூணு…" ஒன்பதாவது பாகத்தில் நரம்பு தொய்ந்தது. "தரை தட்டுச்சு பாப்பா. இப்ப ஒரு முழம் தூக்கு. தூக்கிட்டு இந்த வெரல் மேல நரம்ப வை." ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் நரம்பைப் படுக்க வைத்தார். "படகு ஆடுறப்ப குண்டு தரையில இடிக்கும், தொம் தொம்முனு மெதுவா. மீனு அப்படி இல்ல. நறுக் நறுக்குனு கிள்ளும். கிள்ளுனா சுண்டாத. ரெண்டாந்தரம் இழுக்கும் பாரு, அப்ப தூக்கு." மீன்பிடியைப் பற்றி அன்று முழுக்க எங்களுக்குக் கிடைத்த பாடம் இதுதான். இது போதுமாகவும் இருந்தது.

மகளுக்கு விழுந்த முதல் மீன் பேத்தை. மேலே வந்ததும் கொறகொறவென்று சத்தம் போட்டு, காற்றை விழுங்கி, எலுமிச்சையாக இருந்தது சாத்துக்குடியாக உப்பியது. அவள் அதைப் பார்த்து இவ்வளவு நேரமும் வராத சிரிப்பைச் சிரித்தாள். "அப்பா, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" பேத்தையின் நஞ்சு வேக வைத்தாலும் போகாது. அண்ணன் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். அது தலைகீழாகக் கொஞ்ச நேரம் மிதந்து, காற்றை விட்டு, விர்ரென்று கீழே போனது.

75 நிமிடத்தில் 14 மீன். சங்கரா 7, பன்னா 3, பேத்தை 2, ஒரு குட்டிக் கலவா, ஒரு கெளுத்தி. மச்சான் மனைவிகூட இரண்டு சங்கரா பிடித்தாள், ஒரு கையில் புளிப்பு மிட்டாயோடு. சங்கரா தண்ணீருக்கு வெளியே வரும் அந்த ஒரு நொடியில் இருக்கும் இளஞ்சிவப்பும் பக்கவாட்டு மஞ்சள் கோடும் சந்தையில் ஐஸ் மேல் கிடக்கும்போது இருப்பதில்லை. கலவாவுக்கு வாயிலிருந்து பலூன் மாதிரி ஒன்று பிதுங்கியிருந்தது. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்ததில் உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிந்து, இரைப்பையை வெளியே தள்ளிவிடும். அப்படியே விட்டால் கீழே இறங்க முடியாமல் மிதந்து பருந்துக்குப் போகும். அடுத்ததை மெதுவாக இழுக்கச் சொன்னார். குட்டிக் கலவாவைத் தலை கீழாகப் பிடித்து வேகமாகத் தண்ணீருக்குள் செலுத்தினார், அது போய்விட்டது.

கெளுத்தி

9.50. மச்சானுக்குக் கெளுத்தி விழுந்தது. "கைய வைக்காதீங்க!" என்று பையன் கத்தியபோது அவன் ஏற்கெனவே பிடித்திருந்தான். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று கெளுத்திக்கு மூன்று முள், அரம்போல் பல் வைத்தவை, மேலே நஞ்சுள்ள தோல். கட்டைவிரல் அடிச்சதையில் குத்தியது. கண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. "மாமா, கையே எரியுது" என்றான் என்னைப் பார்த்து.

படகின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் ஒரு களிம்பும் இருந்தன. இதற்கு வேண்டியது வெந்நீர். மாமனார் எங்கே போனாலும் ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவார். "கடலுக்குள்ள போயுங்கூட எதுக்குங்க அப்பா வெந்நீரு" என்று காலையில் என் மனைவி கேட்டிருந்தாள். இப்போது அந்த ஃப்ளாஸ்க் திறந்தது. இந்த மீன்முள் நஞ்சு சூட்டில் கெடும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், அதாவது 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருந்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துபட்ட கையால் பார்க்கக் கூடாது, வலியில் அதற்குச் சூடு தெரியாது. மற்றக் கையால் பார்க்க வேண்டும். வாளியில் கொஞ்சம் ஊற்றி, ஆற ஆறச் சேர்த்து, இருபது நிமிடம் ஓட்டினோம். அதற்குள் முகம் தெளிந்தது. கரை வந்ததும் டீக்கடையில் வாங்கித் தொடர்ந்தோம். பிறகு மருத்துவமனையில் முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து டி.டி. ஊசி போட்டார்கள்.

அண்ணன் கெளுத்தியை எப்படிக் கழற்றினார் என்பதைப் பார்த்து வைத்தேன். கையே படாது. நரம்பைப் பிடித்துப் படகு விளிம்பில் தொங்கவிட்டு, இடுக்கியால் தூண்டில் முள்ளின் வளைவைப் பிடித்து ஒரு திருப்பு. மீன் தானாகக் கழன்று விழுந்தது. திருக்கைக்கும் அப்படித்தான், ஓராவுக்கும் அப்படித்தான். பெயர் தெரியாத மீனைத் தொடாதே என்று ஒரே வரியில் கரையில் சொல்லியிருக்கலாம்.

10.10-க்கு நங்கூரம் எடுத்தோம். கிழக்கிலிருந்து கொண்டல் எழத் தொடங்கியிருந்தது. நிலம் சூடேறினால் கடலிலிருந்து காற்று கரைக்கு அடிக்கும், பகல் ஏற ஏற அலையின் மேற்பரப்பு கடுகடுப்பாகும். அரை நாள் என்றால் காலைப் பாதியை எடுக்கச் சொல்வது இதனால்தான். 10.50-க்கு ஆற்றுக்கரை.

கணக்கு

கரையில் தாமதம் 25 நிமிடம். போக, திரும்ப, இடம் மாற்ற, முகத்துவாரம் என்று ஓட்டத்தில் கழிந்தது பெரும்பங்கு. வேகத்தூண்டில் 40 நிமிடம், நாங்கள் வேடிக்கை பார்த்தது. ஆழத்தில் தூண்டில் பிடித்தது 15 நிமிடம், மீதி நேரம் எல்லாரும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பாரில் 75. எல்லா மீனும் அந்த 75-ல் வந்தவை.

அங்கே தண்ணீர் ஒன்பது பாகம். கரையிலிருந்து இரண்டரை நாட்டிக்கல் மைல். அதாவது முதலிலேயே அங்கே போயிருந்தால் ஏழு மணிக்குள் நங்கூரம் போட்டிருக்கலாம். 'ஆழக்கடல்', 'வஞ்சிரம்' என்ற இரண்டு சொல்லை விற்பதற்காக எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சொற்களை ஆசையாக வாங்கியவர்கள் நாங்கள்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அலுவலகத்தில் சொல்லிக்கொள்ள சங்கராவைவிட வஞ்சிரம் நன்றாக இருக்கும் அல்லவா.

காசுக் கணக்கை மச்சான் மனைவி போட்டாள். கட்டணம், பொய்மீன், ஊசி, எல்லாவற்றையும் கூட்டி மீன் எடையால் வகுத்தாள். "பெரிய மார்க்கெட்ல வாங்கியிருந்தா ஒரு மாசம் தின்னிருக்கலாம் அண்ணா." மறுக்க முடியவில்லை. மீனுக்காகப் போவதென்றால் யாரும் போகக் கூடாது.

மாதமும் ஒரு கணக்கு. பலருக்கும் விடுமுறை மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், முன்பு 45 நாளாக இருந்தது பிறகு கூடியது. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் இனப்பெருக்கத்துக்கு விட்ட நேரம் அது, அப்போது போய் "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்று நச்சரிக்கக் கூடாது. (புதுச்சேரியின் பகுதியே ஆனாலும் மாஹே மேற்குக் கரையில் இருப்பதால் அங்கே தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31-ல் முடியும்.) அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் கூண்டு ஏறும் காலம். மிச்சம் இருப்பதில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் புதியவருக்குப் பொருந்தும். எந்த மாதமானாலும் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் போலீசின் 1093 இரண்டையும் போனில் போட்டுக்கொண்டு, கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாங்கள் சொன்னது விடுதி வாட்ச்மேனிடம். அதுவும் அவர் "எங்க சார் காலங்காத்தால" என்று கேட்டதால்.

இரண்டாம் முறை

மார்ச் இரண்டாம் வாரம் மறுபடி போனோம். இந்த முறை அண்ணனிடமே நேராகப் பேசினேன். மூன்றரை மணி நேரம், பார் மட்டும், வேகத்தூண்டில் வேண்டாம், ரீல் வேண்டாம். மகளுக்கு அவள் அளவில், தொடைப்பட்டை வைத்த உயிர்காப்பு உடை கோவையிலேயே வாங்கிவிட்டேன். முதல் நாள் ஒன்பதரைக்குப் படுக்கை. காலையில் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். மாத்திரை ஐந்து மணிக்கு. நான், மகள், மாமனார், மனைவி. மச்சான் கரையில் நின்று கையசைத்தான்.

6.00-க்குக் கிளம்பி 6.40-க்கு நங்கூரம். 9.00 வரை தூண்டில். 210 நிமிடத்தில் 140. யாரும் வாந்தி எடுக்கவில்லை, மனைவி ஒரு தடவை முருகா என்றாள், அவ்வளவுதான். மீன் போன தடவையைவிடக் குறைவு, 9. அன்று நீரோட்டம் பலமாக இருந்ததால் நரம்பு சாய்ந்துகொண்டே போனது, குண்டை இரண்டு மடங்கு கனமாக மாற்ற வேண்டியிருந்தது.

மாமனாருக்குத்தான் சரியாகப் படவில்லை. வாய்க்காலில் தக்கை முங்குவதைப் பார்த்துத் தூக்கிப் பழகிய கண். இங்கே பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் விரலில் தெரிய வேண்டும். மூன்று தடவை இரையை மட்டும் பறிகொடுத்தார். மகள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, முதல் கணுவில் நரம்பைப் படுக்க வைத்தாள்.

"தொம் தொம்முன்னா தரை அப்புச்சி. நறுக்குனு கிள்ளுனா பொறுங்க. ரெண்டாந்தரம் இழுக்கும்."

"இப்ப கிள்ளுச்சு சாமி."

"பொறுங்க."